போர்மேன் அண்ணாச்சி பார்த்த சாம்பிள்கள்

அந்த மொட்டைமாடியில் நான் கண்ட காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மண்டையைப் பிளக்கிற வெயில். தரையில் விரித்த பழைய காலண்டர் தாள்களின்மேல் ஒன்பது டயப்பர்களும் பேடுகளும் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு நம்பர். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், கோடு போட்ட அளவுக் குவளை, யாரிடமோ இரவல் வாங்கிய மளிகைக்கடைத் தராசு. நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு மனிதர். ஆபரேஷன் புண் ஆறிவிட்டதா என்று பார்க்க வந்த நர்ஸ் நான். என்னைப் பார்த்து வாங்க என்றுகூட அவர் சொல்லவில்லை. "நாலாம் நம்பர்ல தண்ணி ஊத்தி ரெண்டு நிமிசம் ஆச்சு சிஸ்டர், மேல்பக்கம் இன்னும் ஈரமா இருக்கு. ரிஜெக்ட்" என்றார்.

அவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வயது ஐம்பத்தாறு. ஆலையில் மட்டுமல்ல, சிவகாசியில் அவருடைய தெருவிலும் அவருக்குப் பெயர் போர்மேன் அண்ணாச்சிதான். தீபாவளி முடிந்த கையோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். புராஸ்டேட் சுரப்பியில் கட்டி. சுரப்பியையே எடுத்தாகிவிட்டது, கட்டி பரவவும் இல்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மூச்சு விட்டோம். சிறுநீர் டியூபை உருவிய அன்றே அடுத்த கதை ஆரம்பித்தது. இருமினால் சிறுநீர் கசிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் கசிந்தது. ஒரு வாளியைத் தூக்கினால் வேட்டி நனைந்தது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான், இடுப்புக்கு அடியில் உள்ள தசைக்குப் பயிற்சி செய்தால் மாதங்கள் போகப்போகக் குறையும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அண்ணாச்சிக்கு அதில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. "அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் லீவு முடிஞ்சு கம்பெனி திறக்கையில நான் உள்ள நிக்கணும் சிஸ்டர். அதுக்கு மேல லீவு கேக்க முடியாது. கேட்டா வேற ஆளைப் போட்டுருவாக" என்றார். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஆலையில் அவர் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார். முப்பது வருடமாக அவர் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருகிற ஆட்களுக்கு நடுவில், ஈர வேட்டியோடு நிற்பதற்குச் செத்துப்போகலாம் என்று என்னிடமே சொன்னார். விளையாட்டாகச் சொன்னதில்லை அது.

ஈரத்தை எப்படியாவது மறைத்துவிடலாம். மறைக்க முடியாதது ஆலையின் கேட். பட்டாசு ஆலைக்குள் நுழைகிற ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். தீப்பெட்டி, பீடி, செல்போன், இரும்புச் சாமான் எதுவும் போகக் கூடாது. நைலான், பாலியஸ்டர் துணி கூடாது. உரசினால் அதில் மின்சாரம் ஏறும், ஒரு பொறி போதும். பருத்திதான் உடுத்த வேண்டும். வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போகிறவர்கள் வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். இந்தச் சோதனை மற்ற இடங்களில் முன்னே பின்னே இருக்கலாம். அண்ணாச்சியின் ஆலையில் முதலாளியையும் தடவித்தான் விடுவார்கள். அந்தச் சட்டத்தைப் போட்டவர் வேறு யாருமில்லை, அண்ணாச்சியேதான். போதாக்குறைக்கு, கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் ஊர்வாயன். காலையில் அவர் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் சாத்தூர் வரை போய்விடும் என்பார்கள்.

அதனால்தான் அந்த மொட்டைமாடி. ஆலையில் ஒவ்வொரு லோடிலும் சில வெடிகளை எடுத்து வெடித்துப் பார்த்து, எத்தனை நொடியில் பற்றியது, எவ்வளவு உயரம் போனது, வண்ணம் ஒழுங்காக விரிந்ததா என்று எழுதி, பாஸ் அல்லது ரிஜெக்ட் போடுவது அவர் வேலை. தன் உடம்புக்கு வந்ததையும் அந்த வழியிலேயே பார்த்தார். ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு, ரகம், எடை, எத்தனை மில்லி தாங்கியது, எத்தனை நிமிடத்தில் உறிஞ்சியது, குறை என்று பத்தி பிரித்து எழுதினார். உள்ளபடியே எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனையோ வருடமாக அந்த வார்டில் இருக்கிறேன். கசிவு என்று தலைகுனிந்து வருகிற ஆண்களின் கையில் ஒரு டயப்பர் பாக்கெட்டைத் திணித்து, "இதை மாட்டிக்கோங்க" என்று அனுப்பியதைத் தவிர நான் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. எந்த ரகம், யாருக்கு, எந்த வேலைக்கு என்று யோசித்ததே இல்லை.

மாடிச் சோதனையில் முதலிடம் வாங்கியது ஆறாம் நம்பர் பேட். அதை அணிந்துகொண்டு விருதுநகரில் சொந்தக்காரரின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போனார். போன இடத்தில் யாரோ ஒரு சித்தப்பா பழைய கதை சொல்ல, எல்லோரும் சிரிக்க, அண்ணாச்சியும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆறாம் நம்பர் கைவிட்டுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி. பந்திக்குக் கூப்பிட்டார்கள், பசிக்கவில்லை என்றார். போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், தலை வலிக்கிறது என்றார். தூரத்திலிருந்து அவர் முகத்தைப் பார்த்த அவர் மனைவிக்கு, நான் மதினி என்று கூப்பிடுகிறவருக்கு, விஷயம் புரிந்துவிட்டது. மதினி கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து, கால் தடுக்கியது போல அத்தனையையும் அவர் மடியில் கொட்டினார். "கண்ணைப் பொடதியிலயா வச்சிருக்க?" என்று அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் கத்தினார். கத்திக்கொண்டே எழுந்தார். நனைந்த வேட்டியோடு, தலை நிமிர்ந்து வெளியே நடந்தார். வண்டியில் வரும்போது ஊர் வரும்வரை மதினியின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாராம். இதை மதினி என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் நோட்டோடு வார்டுக்கு வந்து நின்றார். தவறு எங்கே என்று நான் சொல்வதற்கு முன் அவரே கண்டுபிடித்திருந்தார். பேடைத் தரையில் தட்டையாக விரித்து, நிதானமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார். மனித உடம்பு அப்படி நிதானமாகவா விடும்? உட்காரும்போது பேட் நசுங்கும், சிரிக்கும்போது ஒரேயடியாகப் பாயும். "பெட்டிக்குள்ள இருக்கிற சரக்கைப் பார்த்துப் பாஸ் போட்டுட்டேன் சிஸ்டர். வாங்குறவன் கையில அது எப்படி வெடிக்கும்னு பார்க்கலை" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அன்றிலிருந்து நோட்டில் புதுப் பத்திகள் முளைத்தன. நடந்தால், படி ஏறினால், இருமினால், கனம் தூக்கினால், சிரித்தால். இந்தச் சிரிப்புச் சோதனைக்கு மதினிதான் பொறுப்பு. "முப்பது வருசமா நான் எம்புட்டு வேடிக்கை சொல்லியிருக்கேன், ஒரு நாளும் இவுக பல்லு தெரிஞ்சதில்ல. இப்ப பேடை மாட்டிக்கிட்டு வந்து, இந்தா சிரிக்க வைனு நிக்காக" என்று என்னிடம் முறையிட்டார். ஆனாலும் விடாமல் சிரிக்க வைத்தார் என்பதற்கு நோட்டில் சாட்சி இருக்கிறது.

பேடை விட்டால் வேறு வழியே இல்லையா என்று கேட்டபோதுதான் எங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடந்த மற்றவற்றை வெளியே எடுத்தேன். காண்டம் கதீட்டர் என்று நாங்கள் சொல்லும் உறை. அதை ஆணுறை போல மேலே மாட்டிக்கொண்டால், அதன் நுனியிலிருந்து ஒரு குழாய் கெண்டைக்காலில் கட்டிய பைக்குப் போகும். உறைக்கு அளவு முக்கியம். வட்ட வட்டமாக ஓட்டை வெட்டிய அட்டை ஒன்றை அவர் கையில் கொடுத்து, திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். ராக்கெட் குச்சி ஒரு நூல் கோணினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிற மனிதர் வெளியே வந்து, அட்டையில் இருப்பதிலேயே பெரிய அளவைச் சொன்னார். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டேன். மறுநாள் நடுபஜாரில் உறை கழன்று விழுந்துவிட்டது. சாயந்திரமே வந்தார். "நேத்து அந்த அட்டையைச் சரியாப் படிக்கலை சிஸ்டர்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க அண்ணாச்சி" என்றேன், நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு. சரியான அளவு கிடைத்த பிறகு அந்த உறை நாள் முழுக்க ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அடுத்தது கிளாம்ப். துணி காயப்போடுகிற கிளிப் போல, உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்தது. மாட்டினால் வழியை அடைத்து நிறுத்திவிடும். இதைக் கண்டதும் அண்ணாச்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. சொட்டே வராத சரக்கு அல்லவா! எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கி மாட்டிக்கொண்டு பாதி நாள் ஊரைச் சுற்றியிருக்கிறார். வீங்கிப்போய் வந்து நின்றபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சொட்டு வரலைன்னா பாஸ்தானே?" என்று வேறு கேட்டார். "ரத்தமும்தான் போகாது. அழுகிப்போனா அதுக்கும் பாஸ் போடுவீகளா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். லேசாகத்தான் மாட்ட வேண்டும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சிறுநீர் கழிக்க வேண்டும், தூங்கும்போது ஆகவே ஆகாது என்று ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தேன். அவர் கேட்ட அடுத்த கேள்வியில் என் கோபம் போன இடம் தெரியவில்லை. "இதுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் இரும்பா சிஸ்டர்?" இரும்புதான் என்றேன். "அப்ப கேட்டைத் தாண்டாது" என்று கையோடு எழுதிக்கொண்டார்.

பைக்கும் அதே விசாரணைதான். இது என்ன பிளாஸ்டிக், உரசினால் மின்சாரம் ஏறுமா என்று கேட்டார். எந்த நோயாளியும் என்னிடம் கேட்காத கேள்வி. சப்ளை செய்கிற கம்பெனிக்குப் போன் போட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. "விக்கிறவனுக்கே தெரியாத சரக்கு என் மருந்து ரூமுக்குள்ள வராது" என்றார் அண்ணாச்சி. அவருடைய மானம் அந்தப் பையில்தான் தொங்கியது. அதை அணிந்தால் நாள் முழுக்க வேட்டி நனையாமல் எல்லா இடத்துக்கும் போய் வரலாம். ஆனாலும் கூட வேலை செய்கிறவர்கள் உயிரை அதற்காகப் பணயம் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் நோட்டு சொன்ன முடிவை அப்படியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பக்கத்தின் நகலை வைத்துத்தான் இன்றும் என் வார்டில் ஆட்களுக்கு விளக்குகிறேன். எல்லாவற்றிலும் பாஸ் ஆன சாமான் ஒன்றுமே இல்லை. ராத்திரிக்கு டயப்பர். காலையில் அரை மணி நேர நடைக்குக் கிளாம்ப். பஸ் பயணத்துக்கும் நீண்ட நேரம் உட்காரும் வேலைக்கும் உறையும் பையும். மருந்து அறைக்குள் போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, மதினி பழைய பருத்தி வேட்டியைப் பல மடிப்பாக மடித்துத் தைத்த கோவணம். பயிற்சியை அவர் விடவில்லை. இப்போது கசிவு நன்றாகக் குறைந்துவிட்டது, பருத்திக் கோவணத்தோடு சரி. இப்போதெல்லாம் வெட்கப்பட்டு வருகிற ஆட்களிடம் நான் முதலில் கேட்பது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றுதான். முன்பெல்லாம் வயதைக் கேட்பேன்.

பங்குனிப் பொங்கல் லீவு முடிந்து ஆலை திறக்கிற நாளும் வந்தது. அந்த வாரம் அங்கே தீக்காய முதலுதவி வகுப்பு எடுக்க மருத்துவமனையிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். ஆலை பஸ்ஸில் அவருக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஏழாயிரம்பண்ணை ரோட்டின் குலுக்கலுக்குக் கோவணம் தாங்காது என்பதால், உறையும் பையும் அணிந்து வந்து, வெளியே மறைவிடம் இல்லாததால் கேட்டைத் தாண்டியதும் ஆபீஸ் பக்கத்துப் பாத்ரூமில் மாற்றிக்கொள்வது என்று திட்டம். நடுவில் இருப்பது அந்தக் கேட்தான். பஸ் ஏறும் இடத்தில் மதினி என்னைத் தனியாக இழுத்து, "வாட்ச்மேன் வீட்டம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். இடது காலைத் தொட வேண்டாம்னு அவுக வீட்டுக்காரர்கிட்ட சொல்லச் சொல்லியிருக்கேன். இவுகளுக்குத் தெரியாது, தெரிஞ்சா என்னை உண்டு இல்லைனு ஆக்கிருவாக" என்று காதோடு சொல்லியிருந்தார். ஊர்வாயனிடம் போயா சொன்னீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கேட்டில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. என் கொண்டை ஊசி, செல்போன் எல்லாவற்றையும் ஒரு பெண் வாங்கி வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியின் முறை வந்தது. வாட்ச்மேன் குனிந்தார். சட்டைப்பை, இடுப்பு, வலது கால். உடனே நிமிர்ந்து, "போங்க அண்ணாச்சி" என்றார். அவர் முகத்தில் கேலியே இல்லை. தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். அண்ணாச்சி நகரவில்லை.

"ஏலே, இடது காலை ஏன் விட்ட?"

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி..."

"எனக்குன்னா? நாளைக்கு ஒருத்தன் கால்ல தீப்பெட்டியக் கட்டிக்கிட்டு வந்து, போர்மேனை விட்டேல்ல, என்னையும் விடும்பான். அம்புட்டு பேரும் சேந்து சாவோம். தடவுலே."

வாட்ச்மேன் குனிந்து தடவினார். கை பையில் பட்டதும் நின்றது. வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. அண்ணாச்சியின் கழுத்து வரை சிவந்துபோனதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். வாயைத் திறக்காமல் போயிருக்கலாம். அவர் பெண்கள் வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். "மூத்திரப் பை. எனக்கு நடந்தது குடலிறக்கம் இல்ல, புராஸ்டேட் ஆபரேஷன். நிக்காம ஒழுகுது, அதுக்காகக் கட்டியிருக்கேன். மருந்து ரூமுக்குள்ள இது வராது, அதுக்கு முந்தியே கழட்டிருவேன். போதுமா? அடுத்த ஆளைப் பாரு." சொல்லிவிட்டு நடந்தார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு ஷெட்டில் தீக்காய வகுப்பு எடுத்தேன். தண்ணீர் ஊற்றுவது, பேஸ்ட் தடவக் கூடாது என்பது, எல்லாம் சொல்லி முடித்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். பெண்கள் எழுந்து போனார்கள். ஆண்களில் ஏழெட்டுப் பேர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே ஒருவர், "காலையில அண்ணாச்சி சொன்னாகள்ல, அது எங்கன கிடைக்கும் சிஸ்டர்? எங்க அப்பாவுக்குத்தான் கேக்கேன்" என்றார். இன்னொருவர் மாமனாருக்குக் கேட்டார். மூன்றாமவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு. அண்ணாச்சி வாசலில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்தார். "எனக்குத்தான் சிஸ்டர்" என்றார். "மூணு வருசமா."

அண்ணாச்சி உள்ளே வந்து, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.